உங்கள் அளவுக்கு வாங்கிய துப்பாக்கி

மாமா,

நான்கு நாளாக விடாத தூறல். பீன்ஸ் விதை ஈரத்தில் நமத்துப் போய்விடுமே என்று இன்று காலை உங்கள் அறை இரும்பு அலமாரியைத் திறந்தேன். ஆள் உயரம், ஒரு முழ அகலம், சுவரோடு போல்ட் போட்டு இறுக்கியது. துப்பாக்கி போன பிறகு அதை யாரும் தொடவில்லை. கதவைத் திறந்ததும் எண்ணெய் வாசனை முகத்தில் வந்து மோதியது. தையல் மிஷின் எண்ணெய் மாதிரிதான், ஆனால் கொஞ்சம் கரிமருந்தும் கலந்த வாசனை. துப்பாக்கி இந்த வீட்டை விட்டுப் போய் பத்து மாதம் ஆகிறது. வாசனை இன்னும் போகவில்லை.

விதையைக் கீழே வைத்துவிட்டு உங்கள் கட்டிலில் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. காலையில் வந்த கோபம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் இருந்தது, சோறு வடிக்கும்போதும் இருந்தது. இதை இனி உங்களிடமே சொல்லித் தீர்த்தால்தான் உண்டு என்று நோட்டை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

எல்லாம் ஏரிக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் நடந்ததிலிருந்துதானே ஆரம்பித்தது. வயதான புருஷன் பெண்சாதி இரண்டு பேரையும் கட்டிப் போட்டு அடித்து, இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நம்ம வூடும் அப்படித்தானே இருக்குது. கூப்பிட்டா கேக்கறதுக்கு ஒரு ஆளு உண்டா?" என்றீர்கள். உண்மைதான். மாரண்டஹள்ளி ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. அடுத்த வீடு கரட்டுக்கு அந்தப் பக்கம். அத்தை போன பிறகு வீட்டில் நீங்களும் நானும்தான். உங்கள் மகன் ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். பேத்தி சேலத்து ஹாஸ்டலில். வாரத்தில் ஐந்து நாள் தக்காளிக்கும் பீன்ஸுக்கும் நீங்கள் பாலக்கோடு மண்டிக்குப் போய்விட்டால், காலையிலிருந்து மத்தியானம் வரை இத்தனை பெரிய காட்டில் நான் ஒருத்தி.

அதனால் துப்பாக்கி வாங்கலாம் என்று நீங்கள் சொன்னபோது நான் எதிர்க்கவில்லை. அது உங்களுக்கு ஞாபகம் இருக்கட்டும். "எதுக்குப்பா துப்பாக்கியெல்லாம்? சிசிடிவி போட்டுக்கலாம்" என்று தடுத்தவர் உங்கள் மகன். "கேமரா என்னா பண்ணும், படம் புடிக்கும். நாம செத்ததுக்கப்புறம் படம் பாக்கலாம்" என்று அவர் வாயை அடைத்தீர்கள். அன்றைக்கு நான் உங்கள் பக்கம்தான் நின்றேன்.

உரிமம் வாங்க ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்தீர்கள். கிராம நிர்வாக அலுவலர், தாலுகா ஆபீஸ், போலீஸ் விசாரணை, கலெக்டர் ஆபீஸ் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு காகிதம் குறையும். எழுதியது எல்லாம் நான். பாலிடெக்னிக் படித்த மருமகள் இருக்கிறாள் என்று நீங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு, மனுவை என்னிடம் தள்ளிவிடுவீர்கள். 'வீட்டில் பெண்கள் தனியாக இருக்க நேர்வதால்' என்று காரணத்தை எழுதியவளும் நான்தான். கீழே உங்கள் கையெழுத்து. அப்போதெல்லாம் அதில் எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை.

சேலத்துக் கடைக்கு நாம் போன நாள் உங்களுக்கு நினைவிருக்கும். மாடிப்படிக்குக் கீழே கம்பிக்கதவு போட்ட சின்னக் கடை. கடைக்காரர் முதலில் ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கியை எடுத்து வைத்தார். அதை நடுவில் மடித்துத் திறந்து, குழல் வழியாக வெளிச்சத்தைப் பார்த்து, மறுபடி சேர்த்து, சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டீர்கள். அப்புறம் அவர் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து இன்னொன்றை எடுத்தார். ஒற்றைக் குழல், கறுப்பும் காப்பி நிறமுமாக மினுங்கியது.

"இது செமி ஆட்டோமேட்டிக்குங்க. ஒரு எஸ்டேட்காரரு வெச்சிருந்தது, வெளிநாட்டுச் சரக்கு. ஒரு தடவ சுட்டீங்கன்னா காலித் தோட்டா தானா வெளிய விழுந்துடும், அடுத்தது தானா ஏறிக்கும். விசைய மட்டும் இழுத்தாப் போதும். உங்க உத்தரவுல இந்த வகைக்கும் அனுமதி போட்டிருக்குதுங்க."

"உதை எப்படிங்க இருக்கும்?" என்று நான் கேட்டேன்.

கடைக்காரர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். "நீங்களா சுடப் போறீங்க?"

"வூட்ல இருக்கறது நான்தானுங்க."

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடித்துப் போயிற்று. சுடும்போது உண்டாகும் வாயுவில் ஒரு பங்கு பின்னால் வந்து அடுத்த தோட்டாவை ஏற்றுவதால், இரட்டைக் குழலைவிட இதில் தோளுக்கு உதை குறைவு என்று விளக்கினார். காலியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, பிடித்துப் பாருங்கள் என்று என் கையில் கொடுத்தார். தோளில் வைத்தேன். பின்கட்டை என் அக்குளுக்குள் போய் இடித்தது. கையை நீட்டி நீட்டிப் பார்த்தும் விரல் நுனிதான் விசையைத் தொட்டது. கண்ணைக் குழலின் நேருக்குக் கொண்டுவர முடியவில்லை.

"இவங்களுக்குக் கட்டை நீளம். ஒரு ஒண்ணரை இஞ்சு அறுத்துட்டு, பின்னாடி ரப்பர் மெத்தை வெச்சா சரியா வரும். பெரியவருக்கும் ஒண்ணும் சிரமம் இருக்காது" என்றார் கடைக்காரர்.

நீங்கள் துப்பாக்கியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டீர்கள். "வால்நட் கட்டைங்க இது. இதப் போயி அறுக்கறதா?"

அப்புறம் குழல். இருபத்தாறு அங்குலம் ஒன்று, முப்பது அங்குலம் ஒன்று. வீட்டுக்குள் வைத்துக்கொள்வதற்குச் சின்னதுதான் வசதி, வாசற்படியில் இடிக்காமல் திரும்பலாம் என்று அவர் சொன்னார். நானும் சொன்னேன், நம் வீட்டு நடையில் கட்டிலைத் திருப்பவே இரண்டு ஆள் வேண்டும் என்று. நீங்கள் நீளமானதைக் கையில் எடுத்து எடை பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"காட்டுப்பன்னி வந்தா தூரத்துக்கு வேணும்ல?"

"பன்னிக்கா வாங்கறோம் மாமா?"

"எல்லாத்துக்கும் ஆகட்டுமே."

நீளமானதுதான் வந்தது. தோட்டாவிலாவது அவர் பேச்சைக் கேட்டீர்கள். பெரிய குண்டுகள் கதவையும் தடுப்பையும் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நிற்கிறவர் மேல் பாயும், வீட்டுக்குள் நடுத்தரமான சிதறு குண்டு போதும் என்றார். கிளம்பும்போது அவர் கடைசியாக ஒன்று சொன்னார்.

"ஐயா, லைசன்ஸ்ல உதவியாளர்னு இவங்க பேரையும் சேத்துடுங்க. அதுக்குத் தனியா ஒரு பாரம் இருக்குது. இல்லன்னா நீங்க இல்லாத நேரத்துல இவங்க கையில எடுத்தாலே கேஸு."

"ஆகட்டும், பாக்கலாம்" என்றீர்கள்.

நாம் பேருந்தில் திரும்பி வரும் வழியெல்லாம் அதை ஞாபகப்படுத்திக்கொண்டு வந்தேன். தர்மபுரி தாண்டுவதற்குள் நீங்கள் தூங்கிவிட்டீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அதற்கு அலங்காரம் ஆரம்பித்தது. இரும்பு அலமாரி செய்து வந்தது. தோளில் மாட்டத் தோல் வார் வந்தது. குழலுக்குக் கீழே ஒரு டார்ச் லைட்டைப் பொருத்த வேண்டும் என்று பாலக்கோட்டில் லேத் பட்டறைக்காரரிடம் இரும்புப் பட்டி அடித்து வாங்கி வந்தீர்கள். நீங்கள் கையை நீட்டிப் பிடித்தால் பெருவிரல் போய் நிற்கும் இடத்தில் அதன் சுவிட்ச். என் கை அதற்கு நான்கு விரற்கடை முன்னாலேயே நின்றுவிடும். சொன்னேன். "நீ எங்க இத தூக்கப் போற?" என்றீர்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தெரியும். சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். அதனால்தான் அன்றைக்குக் கோபப்பட முடியாமல் போயிற்று.

மாந்தோப்புக்குப் பின்னால் மண் கரையில் அட்டையை நிறுத்தி ஒரு தடவை சுட்டுப் பார்த்தோமே. முதல் தோட்டா வெடித்தது. இரண்டாவது ஏறவில்லை. காலித் தோட்டா பாதி வெளியே வந்து, வாயில் அடக்கிய வெற்றிலை மாதிரி சிக்கி நின்றது. ஏமாற்றிவிட்டான் என்று கடைக்காரரைத் திட்டினீர்கள். நான்தான் உள்ளே போய் அதனுடன் வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் படித்துப் பார்த்தேன். மருந்து வலுவில்லாத தோட்டா என்றால் இந்த வகைத் துப்பாக்கி அடுத்ததை ஏற்றாது, உள்ளே கரி பிடித்திருந்தாலும் ஏற்றாது என்று போட்டிருந்தது. உங்கள் பழைய வேட்டியைக் கிழித்து, ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றி, கரியைத் துடைத்து, எண்ணெய் போட்டு மாட்டினேன். தோட்டாவையும் மாற்றி வாங்கச் சொன்னேன். அப்புறம் சிக்கவேயில்லை.

அதிலிருந்து மாதம் இரண்டு தடவை துடைப்பது என் வேலை. நீங்கள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள். "உனக்கு இது நல்லா வருதும்மா" என்பீர்கள். துடைத்து முடித்ததும் வாங்கி உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்வீர்கள். அந்தத் துப்பாக்கியின் ஒவ்வொரு திருகும் எனக்குத் தெரியும். சாவி மட்டும் உங்கள் இடுப்பில்.

டீக்கடையில், மண்டியில், கல்யாண வீட்டில் எல்லாம் பேசினீர்கள். வாசலில் துப்பாக்கியோடு நின்று போட்டோ எடுத்து சொந்தக்காரர்கள் குரூப்பில் போடச் சொன்னீர்கள். "துப்பாக்கி இருக்குதுன்னு ஊருக்குத் தெரிஞ்சாலே போதும், ஒருத்தனும் வரமாட்டான்" என்பது உங்கள் கணக்கு. அது யாரிடம் இருக்கிறது, நீங்கள் எப்போது வீட்டில் இருக்கிறீர்கள் என்பதும் சேர்ந்தே ஊருக்குத் தெரியும் என்பது உங்கள் கணக்கில் வரவில்லை. என் கணக்கிலும் வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி நாம் இரண்டு பேரும் ஒரு தடவைகூட முழுசாகப் பேசியதில்லை. போலீஸ்காரர் எழுதிக்கொண்டபோது நீங்கள் வாசலில் நின்றீர்கள். அதனால் இப்போது சொல்கிறேன்.

பதினொரு மணி இருக்கும். தக்காளிச் செடிக்குக் குச்சி கட்டிவிட்டு அப்போதுதான் வந்து கை கழுவினேன். ஒரே வண்டியில் இரண்டு பேர் வந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் பை. சோலார் மோட்டார் மானியத்துக்குக் கிணறு பார்க்க வந்திருக்கிறோம் என்றார்கள். "ஐயா இருக்காருங்களா?" என்று ஒருவன் கேட்டான். நானும் "பாலக்கோடு போயிருக்காருங்க" என்று சொல்லித் தொலைத்தேன். இந்த ஒரு தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். சொம்போடு திரும்பினால் ஒருவன் நடைக்குள் நின்றுகொண்டிருந்தான். கையில் கத்தி.

சொம்பை அவன் முகத்தில் வீசிவிட்டு உங்கள் அறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டேன். ஏன் உங்கள் அறைக்கு ஓடினேன் என்று சொல்லவேண்டியதில்லை. போன் சமையலறையில் இருந்தது. அலமாரியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். காலால் உதைத்தேன். உங்கள் மேஜை டிராயரில் ஏதாவது மாற்றுச் சாவி இருக்குமா என்று கொட்டிக் கவிழ்த்தேன். வெளியே கதவை இடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கழட்டிக் குடுத்துடு, ஒண்ணும் பண்ண மாட்டோம்" என்றான் ஒருவன்.

"துப்பாக்கி இருக்குது! சுட்டுடுவேன்!" என்று கத்தினேன்.

வெளியே கதவை இடிப்பது நின்றது. அப்புறம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "எங்க, எடு பாக்கலாம்" என்றான்.

தாழ்ப்பாள் பிய்ந்து கதவு திறந்துகொண்டது. தாலிக்கொடியை அறுத்தார்கள். இடது காதுத் தோட்டைக் கழற்றப் பொறுமையில்லாமல் இழுத்தான், காது மடல் கிழிந்தது. என் அறை பீரோவை ஏற்கெனவே உடைத்திருந்தார்கள். எல்லாம் முடிந்து அவர்கள் போகும்வரை அந்த அலமாரியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். எனக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் ஒரு தகடுதான்.

கையில் இருந்திருந்தால் சுட்டிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. உங்கள் மகன் அதைத்தான் கேட்டார், "இருந்தா மட்டும் சுட்டிருப்பியா?" என்று. அது நான் நின்று யோசித்திருக்க வேண்டிய கேள்வி. யோசிக்கவே இடம் கிடைக்கவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

ஒரு மணிக்கு நீங்கள் வந்தீர்கள். நான் நடையில் உட்கார்ந்து காதில் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். உடைந்த கதவைப் பார்த்தீர்கள். என்னைத் தாண்டி உள்ளே ஓடினீர்கள். அலமாரிப் பூட்டை இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. "நல்லவேள, துப்பாக்கி போவல" என்ற குரலும் கேட்டது. அதற்குப் பிறகுதான் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்து, "அய்யோ, என்னாம்மா ரத்தம்?" என்றீர்கள்.

துப்பாக்கி திருட்டுப் போயிருந்தால் உங்களைத்தான் உள்ளே தள்ளியிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் காதுக்குத் தையல் போடும்போதே அதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் அந்த ஓட்டம் மட்டும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரிடமும், "நான் மட்டும் வூட்ல இருந்திருந்தா ரெண்டு பேரையும் அங்கேயே சாச்சிருப்பேன்" என்றீர்கள். முதல் தடவை பொறுத்தேன். மூன்றாவது தடவை உங்கள் சித்தப்பா மகன் வந்திருந்தபோது காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுவிட்டேன். "நீங்க வூட்ல இல்லாதப்பத்தானே மாமா அவனுங்க வந்தாங்க? நீங்க இருக்கற நேரத்துக்கு எனக்கு எதுக்குத் துப்பாக்கி?"

பதினெட்டு வருஷத்தில் உங்களிடம் நான் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனீர்கள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஒரே வீட்டில் பேசாமல் இருந்தோம். சோறு போடுவேன், சாப்பிடுவீர்கள். மாத்திரையை எடுத்து வைப்பேன், போட்டுக்கொள்வீர்கள். மண்டிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டீர்கள். தக்காளியை வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பீர்கள். காவலுக்கு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. ஒரு வார்த்தை, 'தப்பு நடந்துபோச்சும்மா' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

நீங்கள் சொல்லவில்லை. தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள். யாரோ ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உங்கள் போனில் கடைசியாகப் பேசிய எண் பால்காரருடையது என்பதால் அவருக்குத்தான் முதலில் சொல்லியிருக்கிறார்கள். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, வாசலில் நின்று, எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மாட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

காரியம் முடிந்த மூன்றாம் நாள் ஸ்டேஷனிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாதாம். சாவியை அதற்கு முன்னாலேயே ஆஸ்பத்திரியில் ஒரு கவரில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். முதல் தடவையாக அந்த அலமாரியை நான் திறந்தேன். போலீஸ்காரரிடம் எடுத்துக் கொடுப்பதற்காக. தோட்டாவை எண்ணி எழுதி ரசீது கொடுத்தார்கள். "நல்லாப் பராமரிச்சிருக்காரு பெரியவரு" என்றார் ஒருவர்.

உங்கள் மண்டிப் பையைக் கொட்டித் துவைக்கலாம் என்று எடுத்தது அதற்கும் ஒரு வாரம் கழித்து. அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்த ஒரு பாரம். உரிமத்தில் உதவியாளர் பெயர் சேர்ப்பதற்கான மனு. உங்கள் கோணல் எழுத்து. மனு என்றால் என்னிடம் தள்ளுகிறவர் இதை மட்டும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என் பெயர், என் அப்பா பெயர், வயது, படிப்பு எல்லாம் சரியாக இருந்தது. என் போட்டோகூட ஒட்டியிருந்தது, ரேஷன் கார்டுக்கு எடுத்ததில் மிச்சமானது. காரணம் என்ற இடத்தில், 'நான் வீட்டில் இல்லாத நேரமே அதிகம்' என்று எழுதியிருந்தீர்கள்.

உங்கள் கையெழுத்து இருந்தது. பக்கத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. தேதியைப் பார்த்தேன். நீங்கள் சாய்ந்த நாளுக்கு ஐந்து வாரம் முன்னால் எழுதியது. ஐந்து வாரம் அதைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறீர்கள். என்னிடம் நீட்டினால் பேச வேண்டியிருக்குமே. அன்றைக்குத் தர்மபுரிக்குப் போனதுகூட, கையெழுத்து இல்லாமல் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்கத்தான் என்று கலெக்டர் ஆபீஸ் கிளார்க் பிறகு சொன்னார். "வந்தாருங்க. அவங்க கையெழுத்து இல்லாம ஆவாதுன்னேன். வாங்கியாறேன்னுட்டுப் போனாரு" என்றார். பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போயிருக்கிறீர்கள். வீட்டுக்கு வரும் பேருந்துக்கு.

இதை நினைத்தால் எனக்கு மனம் இளகவில்லை மாமா. மற்றவர்களிடம் சொன்னால் 'பாத்தியா, எவ்வளவு நல்ல மனசு' என்பார்கள். எனக்கு ஆத்திரம்தான் அதிகமாகிறது. ஊரெல்லாம் பேசத் தெரிந்த வாய்க்கு, 'இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா' என்று கேட்கத் தெரியவில்லையா?

இப்போது நான் என் பெயரில் மனு போட்டிருக்கிறேன். அதே துப்பாக்கிக்கு. உங்கள் மகன் வேண்டாம் என்றார். காட்டை விற்றுவிட்டு ஓசூருக்கே போய்விடலாம் என்றார். "தக்காளியையும் மாட்டையும் ஓசூருக்குக் கூட்டிட்டுப் போறதா?" என்று கேட்டேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டு, ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கினேன். கிளார்க் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மருமக பேர்லயா கேக்கறீங்க? மகன் இருக்காருல்ல?"

"இருக்காருங்க. ஓசூர்ல இருக்காரு."

"பொம்பளைக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"

தலைமுடியை ஒதுக்கிக் காதைக் காட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு முத்திரையைத் தேடினார். பயிற்சிச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். சேலத்துக்குப் போய் முடித்துக்கொண்டு வந்தேன். அங்கே இருந்த துப்பாக்கி என் தோளுக்குச் சரியாகப் பொருந்தியது. பத்துக்கு ஏழு அட்டையில் பட்டது. யாரிடம் சொல்ல என்று தெரியாமல் பேருந்தில் வந்தேன்.

போன வாரம் பெரிய அதிகாரியின் முன்னால் நேர்காணல். அவருக்கு என் வயதுதான் இருக்கும். கேள்வியெல்லாம் கேட்டுவிட்டு, "சரிம்மா, பாக்கலாம்" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. "எந்தத் தேதிக்குங்க சார்? சொன்னீங்கன்னா அன்னிக்கி வந்துடறேன்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு நாள்காட்டியைப் புரட்டி ஒரு தேதி சொன்னார். கிடைக்குமா, கிடைக்காதா என்று தெரியாது. கிடைக்காவிட்டால் மறுபடி எழுதுவேன்.

அடுத்த மாதம் உங்கள் வருஷத் திதி வருகிறது. உங்கள் சித்தப்பா மகன் முதல் ஆளாக வந்து, 'சிங்கம் மாதிரி இருந்தாரு பெரியப்பா மவன்' என்று ஆரம்பிப்பார். நான் எல்லோருக்கும் சோறு போடுவேன். நீங்கள் விரும்பிச் சாப்பிடும் மொச்சைக் குழம்பை இலையில் வைத்துப் படைப்பேன். வாய் திறக்க மாட்டேன். இந்தச் சண்டை நம் இரண்டு பேருக்குள் இருந்தது. நீங்கள் பாதியில் எழுந்து போய்விட்டீர்கள், என் பாதியை யாரிடமும் இறக்கி வைக்க முடியாமல் சுமந்துகொண்டிருக்கிறேன்.

அந்தப் பாரம் என் கைப்பையில்தான் இருக்கிறது. அதற்கு இனி ஒரு பயனும் இல்லை என்று கிளார்க் சொல்லிவிட்டார். உரிமம் வைத்திருந்தவரே இல்லை, உதவியாளர் எதற்கு? ஆனாலும் ஒவ்வொரு தடவை தர்மபுரி போகும்போதும் அது கூடவே வருகிறது. நேற்று பேருந்தில் அதைப் பிரித்து அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கேட்டிருந்தால் போட்டிருப்பேன் மாமா. உங்களைத் திட்டிக்கொண்டேதான் போட்டிருப்பேன்.